கூட்டெருவும் கூட்டு உரமும்

தக்காளி நடவுக்கு நிலத்தைத் தயார் செய்பவரிடம் "கடைசி உழவில் கூட்டு உரம் இடுங்கள்" என்று சொன்னால், அவர் எந்த ஊர்க்காரர் என்பதைப் பொறுத்து வயலில் விழும் பொருளே மாறிவிடும். தமிழ்நாட்டு உரக்கடையில் கூட்டு உரம் என்பது காம்ப்ளக்ஸ். தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்துகளில் இரண்டையோ மூன்றையோ ஒரே குருணையில் அடக்கிய, 17:17:17 போன்ற இரசாயன உரம். இலங்கையிலோ கூட்டுப் பசளை, கூட்டெரு ஆகிய இரண்டு சொற்களும் சருகு, தழை, சாணம் போன்றவை மட்கி உருவாகும் கம்போஸ்ட்டைக் குறிக்கின்றன.

சொற்பொருத்தம் என்று பார்த்தால் இலங்கை வழக்கே மூலத்துக்கு நெருக்கமானது. 'சேர்த்து வைத்தல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் கம்போஸ்ட். பழத்துண்டுகளைச் சர்க்கரைப் பாகில் வேகவைத்துச் செய்யும் பிரெஞ்சு இனிப்பான கொம்போட்டும் அதே வேரைச் சேர்ந்தது. நம் சமையலறையிலும் கூட்டு என்றொரு பண்டம் இருப்பது தற்செயல்தான் என்றாலும், கூட்டெரு என்று மொழிபெயர்த்தவருக்கு அது நினைவில் வந்திருந்தால் வியப்பில்லை. கூட்டு என்பதன் ஈற்றுக் குற்றியலுகரம் கெட்டு, எரு என்பதோடு சேர்ந்து கூட்டெரு ஆகிறது. காய்ந்த சருகு, பச்சைத் தழை, சாணம் என்று அடுக்கி, இடையிடையே புரட்டிவிடும் இந்தூர் முறையை ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆல்பர்ட் ஹோவர்டு 1920களில் வகுத்தார். அந்தக் குவியலைக் கண்டவருக்குச் சொல் தானே விளங்கும்.

கம்போஸ்ட்டுக்குத் தமிழ்நாட்டில் வழங்கும் மட்கு உரம் என்ற சொல் வேறொரு கோணத்தில் பிறந்தது. மட்குதல் என்றால் ஒளி மழுங்குதல், தன் இயல்பு கெடுதல். பேச்சில் அது மக்குதல் ஆகி, குப்பைத் தொட்டிகளில் 'மக்கும் குப்பை' என்றும், வகுப்பறையில் பாவம் சில பிள்ளைகளின் பட்டப்பெயராகவும் நிற்கிறது. கூட்டெரு செய்முறையைச் சொல்கிறது. மட்கு அது அடைய வேண்டிய நிலையைச் சொல்கிறது. தக்காளிக்காரருக்கு இந்த இரண்டாவது செய்தி முக்கியமானது. அரைகுறையாக மட்கிய குப்பையைப் போட்டால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தங்களுக்கு இழுத்துக்கொள்ள, இளஞ்செடி சில வாரங்கள் வெளிறி நிற்கும்.

என் கருத்தில் சிக்கல் இச்சொற்களின் முன்பாதியில் (கூட்டு, மட்கு) இல்லை, பின்பாதியில் (எரு, உரம்) இருக்கிறது. 'ஏரினும் நன்றால் எருவிடுதல்' (1038) என்று குறள் உழவைப் பேசும்போது ஆளும் சொல் எரு; காதல் நோய் வளர்வதைச் சொல்லும்போதும் 'ஊரவர் கௌவை எருவாக' (1147) என்று அதே சொல்லைத்தான் எடுக்கிறது. அக்குறள்களின் காலத்து உரமோ வலிமை: 'உரமொருவற்கு உள்ள வெறுக்கை' (600). வலிமை தருவது என்ற பொருளில் மண்ணுக்கு வந்த உரம், பின்னர் எருவின் இடத்தையும் எடுத்துக்கொண்டது. தொழுவெரு என்று சொல்லக்கூடியதும் தொழு உரம் ஆயிற்று. ஆயினும் எருக்குழி, எருமுட்டை ஆகியவற்றில் பழைய சொல் அசையாமல் இருக்கிறது.

இலங்கையின் பொதுச்சொல் பசளை. தமிழ்நாட்டுக் காதுக்கு அது கீரையாகத்தான் கேட்கும். சேதனப் பசளை (இயற்கை எரு), அசேதனப் பசளை (இரசாயன உரம்) என்ற அங்குள்ள பிரிப்பு, 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டு அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டபோது, அன்றாடச் செய்தியாயிற்று. சேதனம் என்பது அறிவுடையது, உயிருள்ளது என்னும் பொருளுடைய வடசொல். எரு என்ற ஈரெழுத்து அந்த வேலையைச் செய்யும்போது இவ்வளவு நீட்டத் தேவையில்லை.

எருவும் இரசாயன உரமும் ஒரே பாத்தியில் சேரும் பயிர் தக்காளி என்பதால், பெயர்களைப் பிரித்தே வைக்க வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சாதாரண இரகங்களுக்கு எக்டேருக்கு 25 டன் தொழு உரமும், அடியுரமாகத் தழை, மணி, சாம்பல் சத்துகளை முறையே 75, 100, 50 கிலோவும், நட்ட 30ஆம் நாள் மண் அணைக்கும்போது மேலும் 75 கிலோ தழைச்சத்தும் பரிந்துரைக்கிறது. தொழு உரத்தில் தழைச்சத்து ஏறத்தாழ அரை விழுக்காடுதான், அதுவும் மெல்லவே வெளிப்படும். யூரியாவில் 46 விழுக்காடு, உடனே கிடைக்கும். மேலுரத்தின் 75 கிலோவுக்கு ஏறத்தாழ 163 கிலோ யூரியா போதும். எரு மண்ணைப் பொலபொலப்பாக்கி ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. உரம் செடி கேட்கும் நேரத்தில் ஊட்டுகிறது. உரத்தையே நம்பித் தழைச்சத்தைக் கூட்டினால் செடி இலையாகவே வளர்ந்து, காய்ப்பில் ஏமாற்றும்.

அடியுரம், மேலுரம் என்பவை இடும் காலத்தைக் குறிப்பவை. அவற்றை மாற்ற வேண்டியதில்லை. கம்போஸ்ட்டுக்கு மட்டும் தமிழ்நாட்டில் மட்கெரு என்றும், இலங்கையில் கூட்டெரு என்றும் எழுதி, கூட்டு உரத்தைச் சாக்கில் வரும் காம்ப்ளக்ஸுக்கே விட்டுவிடலாம். அப்போது, மேலே சொன்ன அறிவுரையை "கடைசி உழவில் மட்கெரு, நடவின்போது கூட்டு உரம், முப்பதாம் நாள் யூரியா" என்று எழுதினால் எந்த ஊர்க்காரரும் மாற்றிப் போடமாட்டார்.