ஆண்டிஸ் மலையில் திராட்சை கறுப்பது எப்படி?

அர்ஜென்டினாவின் மெண்டோசா மாகாணத்தில் ஆண்டுக்குச் சுமார் 200 மி.மீ. மழைதான். கிட்டத்தட்ட பாலைவனம். ஆனால் அந்த நாட்டு ஒயினில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது. ஆண்டிஸ் மலையடிவாரத்து யூகோ பள்ளத்தாக்கில் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டரில் தொடங்கும் திராட்சைத் தோட்டங்கள் 1,500 மீட்டரையும் தாண்டி ஏறிப் போகின்றன.

அவ்வளவு உயரத்துக்கு ஏன் போக வேண்டும்? புளிப்புக்காகத்தான். நல்ல ஒயினுக்கு இனிப்பு மட்டும் போதாது. பழுக்கும் காலத்தில் திராட்சை தன்னிடமுள்ள, புளிப்பைத் தரும் மாலிக் அமிலத்தைச் சுவாசத்தில் எரித்துத் தீர்க்கிறது. சூடு கூடக்கூட இந்தச் செலவும் கூடும். இரவும் வெக்கையாக இருந்தால் அப்போதும் நிற்காது. அதனால் வெப்பச் சமவெளியில் பழம் சீக்கிரம் இனித்துவிடும், சுவை சப்பென்று போய்விடும்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். அதோடு, இங்கே காற்று வறண்டது, மேகம் குறைவு. பொழுது சாய்ந்ததும் தரையின் சூடு தடையில்லாமல் வானத்துக்குப் போய்விடுகிறது. பகல் வெயிலில் இலைகள் சர்க்கரை சேர்க்கின்றன, இரவுக் குளிரில் அமிலம் மிஞ்சுகிறது. என்னைக் கேட்டால், மலை ஒயினின் ரகசியத்தில் பாதி இதுதான்.

மீதிப் பாதி தோலில் இருக்கிறது. மால்பெக் என்ற கருந்திராட்சை ரகத்தில் ஒரு பழத்தைப் பிதுக்கிப் பாருங்கள்: சதை வெளிறித்தான் இருக்கும், விரலில் ஊதாக் கறை ஒட்டும். அந்தக் கறை முழுக்கத் தோலில் உள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. செடியால் நிழலுக்கு ஓட முடியாதே! அதனால் தோலிலேயே கதிரைத் தடுக்கும் சேர்மங்களையும் நிறமிகளையும் நிறையச் சேர்த்துக்கொள்கிறது. செடி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் இந்த வேலைதான் ஒயினுக்கு அந்த அடர்ந்த நிறத்தையும் துவர்ப்பையும் தருகிறது.

மால்பெக் பிரான்சிலிருந்து வந்த ரகம். வேளாண் அறிஞர் மிஷெல் எமே பூஜே 1853-இல் மெண்டோசாவில் அமைத்த பண்ணை வழியாக இங்கே வேரூன்றியது. ஆனாலும் நெடுங்காலம் தாழ்வான நிலங்களில்தான் நட்டார்கள். 1992-இல் ஒயின் தயாரிப்பாளர் நிக்கோலாஸ் கடேனா ஏறத்தாழ 1,500 மீட்டரில் தோட்டம் போட்டபோது, அங்கே பழுக்காது என்று எச்சரித்தவர்கள் உண்டு. பிரான்சின் ஆல்ப்ஸில் அதே உயரமென்றால் அவர்கள் சொன்னது சரியாகியிருக்கும். மெண்டோசா நிலநடுக்கோட்டுக்கு இன்னும் நெருக்கம், தெற்கே 33 டிகிரியில். அங்கே பழுத்தது.

ஆலங்கட்டி மழைதான் பெரிய பயம். சில நிமிடங்களில் ஒரு வருட விளைச்சலே போய்விடும் என்பதால் கொடிகளுக்கு வலை கட்டுகிறார்கள்.

அப்புறம் தண்ணீர். ஸ்பானியர் வருவதற்கு முன்பே, மலையில் உருகும் பனிநீரை ஹுவார்ப்பே பழங்குடியினர் வாய்க்கால் வெட்டி வயலுக்குக் கொண்டுவந்தார்கள். அதே முறையில் இன்றும் தாழ்வான தோட்டங்களுக்கு நீர் பாய்கிறது. வாய்க்கால் எட்டாத மேட்டுத் தோட்டங்களுக்கோ ஆழ்குழாய்க் கிணறும் சொட்டுநீருமே கதி. அந்த நிலத்தடி நீரும் ஆண்டிஸ் பனி உருகி ஊறுவதுதான். பனி குறைந்த ஆண்டுகளில் ஆறும் கிணறும் சேர்ந்தே இறங்குகின்றன.