நேவி: நாவாயா, கப்பற்படையா, கடற்படையா?

மலையகப் பிள்ளைகளிடம் நேவி என்ற சொல் கடல் வழியாக வந்து சேர்வதில்லை. துணிக்கடை வழியாகத்தான் வருகிறது. பள்ளிக்கூடம் தொடங்குகிற நாட்களில் பண்டாரவளைக் கடைத்தெருவில் "தம்பிக்கு நேவி புளூ களிசான் ஒண்ணு குடுங்க" என்று அம்மாமார் கேட்பார்கள். கடைக்காரர் இரண்டு துணியை வாசல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார். ஒன்று கறுப்பு, மற்றது கறுப்பென்று நினைக்க வைக்கிற நீலம். பிரித்தானியக் கடற்படை அதிகாரிகளுக்கு 1748இல் சீருடை வகுத்தபோது தேர்ந்த நிறம் அது. பிறகு நிறத்துக்கே அவர்கள் பெயர் நின்றுவிட்டது. தமிழில் இதற்குக் கருநீலம் என்ற நல்ல சொல் இருக்கிறது. கடற்படை நீலம் என்று முழுக்கப் பெயர்க்கத் தேவையில்லை.

சரி, படைக்கு வருவோம். என் தமிழ் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, "சேர், நேவி நம்ம நாவாயில இருந்து வந்ததுதானே?" என்று கேட்டான். ஓசை அவ்வளவு நெருக்கம். பலரும் அப்படி நம்புகிறார்கள், ஆனால் வரலாறு வேறு. லத்தீனில் கப்பலுக்கு நாவிஸ். அது பழைய பிரெஞ்சில் நாவி என்று கப்பல் கூட்டத்தைக் குறித்து, 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் போனது. லத்தீன் நாவிஸுக்கும் வடமொழி நௌவுக்கும் மூலம் ஒன்று. சிங்களத்தில் கடற்படையை நாவிக ஹமுதாவ என்கிறார்கள். அந்த நாவிக வடமொழி வழியாக வந்தது. ஆக நேவியும் நாவிகவும் ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்கியவை அல்ல, தூரத்துப் பங்காளிகள். நம் நாவாயை அந்த வடசொல்லோடு சேர்ப்பவர்களும் உண்டு, தனித்தமிழ்ச் சொல் என்று வாதிடுபவர்களும் உண்டு. எப்படியானாலும் ஆங்கிலத்துக்கு நேவியைக் கொடுத்தது தமிழ் இல்லை. தமிழ் கொடுத்தது கட்டுமரம். உலகமே அதைக் கட்டமரன் என்று சொல்கிறது. அந்தப் பெருமை நமக்குப் போதும்.

அதற்காக நாவாய் சிறிய சொல் ஆகிவிடாது. வள்ளுவர் கையில் அது எவ்வளவு அழகாக இருக்கிறது:

"கடலோடா கால்வல் நெடுந்தேர் கடலோடும்
நாவாயும் ஓடா நிலத்து."

ஆனால் நாவாய் ஒரு கப்பல், படை அல்ல. சோழர் காலத்திலும் அப்படித்தான். கடாரம் கொண்ட இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" என்று கலங்களைத்தான் சொல்கிறது.

இன்று நம் முன் இருப்பவை இரண்டு: கப்பற்படை, கடற்படை. தமிழ்நாட்டில் கப்பற்படை என்றும் எழுதுவார்கள். இலங்கையில் கடற்படைதான் வழக்கு. நான் கடற்படையின் பக்கம். அதற்குக் காரணம் தியத்தலாவையில் இருக்கிறது.

கடலிலிருந்து ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் இருக்கிற ஊர் அது. அங்கே ஒரு குன்றுச் சரிவில் வெள்ளைக் கற்களால் ஒரு நரி வரைந்திருக்கிறது. ஃபொக்ஸ் ஹில் என்று ஊரே சொல்லும். 1913இல் ஓய்வுக்கு மலையேறி வந்த எச்.எம்.எஸ். ஃபொக்ஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் மாலுமிகள் விட்டுப்போன அடையாளம் அது. ஃபொக்ஸ் என்றால் நரி. அந்தக் கற்களைப் பார்க்கும் பிள்ளைகளுக்குக் கதையைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்த மலையில் எப்போதோ நரி அதிகம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இலங்கைக்கென்று 1937இல் தொண்டர் கடற்படை ஒன்று உருவானது. 1950 டிசம்பர் 9இல் அது அரச இலங்கைக் கடற்படையாக முறைப்படி எழுந்தது. 1972இல் நாடு குடியரசானபோது 'அரச' கழன்று இலங்கைக் கடற்படை ஆனது. அந்த 1950களில் தியத்தலாவையில் ஒரு கடற்படைப் பயிற்சி முகாம் இருந்தது. பெயர் ரங்கல. விஷயம் என்னவென்றால், அந்த முகாமின் பெயருக்கு முன்னாலும் கப்பலுக்குப் போடுகிற அதே முன்னெழுத்துகள்தான். கடற்படை மரபில் கரையில் உள்ள தளமும் ஏட்டில் ஒரு கப்பலே. இன்றைய தளங்களும் இலங்கைக் கடற்படைக் கப்பல் என்ற அதே அடைமொழியோடுதான் பெயர் பெறுகின்றன. வள்ளுவர் நிலத்தில் ஓடாது என்ற நாவாய், ஊவா மலையில் நங்கூரம் இல்லாமல் நின்றது.

இப்போது யோசித்துப் பாருங்கள். பயிற்சி முகாம், சுழியோடிகள், கடலடியை அளந்து வரைபடம் போடுகிறவர்கள், ராடர் பார்க்கிறவர்கள், வெள்ளம் வந்தால் லொறியில் படகை ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு வருகிறவர்கள்: இத்தனை பேரையும் கப்பற்படை என்ற சொல் தாங்காது. கப்பல் கருவி, கடல் களம். களத்தால் பெயர் வைத்தால்தான் எல்லாரும் அதற்குள் அடங்குவார்கள்.

எழுத்திலும் கவனம் வேண்டும். கரும்பலகையில் கடல் + படை என்று எழுதினேன். லகரத்தின் மேல் கோடு போட்டு ற் வைத்தேன். கடற்படை. கடல்படை என்று எழுதுவது தவறு. கடற்கரை, கடற்காற்று எல்லாம் இதே புணர்ச்சிதான். 'இலங்கைக் கடற்படை', 'கடற்படைத் தளம்' என்பவற்றில் நடுவில் வரும் ஒற்றையும் விட்டுவிடக் கூடாது.

மெர்ச்சன்ட் நேவிதான் அப்புறம் குழப்புவது. கப்பலில் வேலைக்குப் போக விரும்பும் நம் பையன்கள் இதைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். நேவி என்ற சொல் முன்பு ஒரு நாட்டின் எல்லாக் கப்பல்களையும் குறித்தது, சரக்குக் கப்பல் உட்பட. அந்தப் பழைய பொருள்தான் இதில் மிச்சம் நிற்கிறது. இதை வணிகக் கடற்படை என்று பெயர்த்தால் துப்பாக்கி பிடிக்கிற வேலை என்று வீட்டில் பயந்துவிடுவார்கள். வணிகக் கப்பல்துறை என்று எழுதலாம். பேச்சில் 'கப்பல் வேலை' என்று நம் லயங்களில் சொல்வதும் சரியான தமிழ்தான்.