பூ இறுகியிருந்தால் நல்ல சரக்கா?

நாகர்கோவிலில் மனநல மருத்துவம் பார்க்கிறேன். போன மழைக்காலத்தில் தோவாளைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா மகனைக் கூட்டி வந்தார். பிச்சிப்பூ கட்டிப் பிழைப்பவர். "மாடியில நிக்கவங்க என்னையத்தான் பேசுதாங்க" என்று பையன் மூன்று வாரமாகத் தூங்கவில்லை. கேட்டபோது அவனே போனை நீட்டி, வாங்கிய கஞ்சாவின் படத்தைக் காட்டினான். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இது பூவா சார்? காய் மாதிரில்லா இருக்கு" என்றார்.

"நல்ல டைட்டான மொட்டும்மா. சாமியாருங்க குடிச்ச அதே மூலிகைதான்" என்றான் பையன்.

அதே மூலிகை இல்லை. கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. போதை தரும் டிஎச்சி, பெண் பூவை மூடியிருக்கும் நுண்ணிய பிசின் சுரப்பிகளில்தான் அதிகம் சேர்கிறது. மகரந்தம் படாத பூ விதை பிடிக்காது. செடி தன் சத்தையெல்லாம் பூவிலும் பிசினிலுமே போடும். ஈரமான வெப்பநாடுகளின் பழைய வகைகளில் பூங்கொத்து நீளமாக, இடைவெளிவிட்டு, விதையோடு இருக்கும். பிறகு பூ நெருக்கத்துக்கும் பிசினுக்குமாகப் பொறுக்கிப் பொறுக்கி இனம் சேர்த்தார்கள். அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவில் 1995இல் சராசரி 4 சதவீதமாக இருந்த டிஎச்சி, 2014இல் 12 சதவீதத்தைத் தொட்டது. டிஎச்சி 10 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள கஞ்சாவைத் தினமும் புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய் வரும் வாய்ப்பு, தொடவே தொடாதவர்களைவிட ஏறத்தாழ 5 மடங்கு என்று 2019இல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வந்த ஆய்வு சொல்கிறது.

இறுக்கத்தை வைத்து வீரியத்தைக் கணிக்கவும் முடியாது. பொட்டலத்துக்காக அமுக்கிய பூவும் கையில் இறுகித்தான் இருக்கும். நெருக்கமான மொட்டுக்குள் காற்றுப் போகாது, ஈரம் தங்கும், பூஞ்சை பிடிக்கும். அந்த அம்மாவுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "அமுக்கி வச்ச பூ நடுவுல புழுங்கிக் கறுத்துப்போகும் சார்" என்று அவரே சொன்னார். அந்தப் பூஞ்சை புகையோடு நுரையீரலுக்குப் போனால், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு உயிருக்கே ஆபத்து.

போலீசுக்குப் பயந்து பிள்ளையை மறைத்து வைக்கும் பெற்றோர்களே, தயவுசெய்து தாமதிக்காதீர்கள். போதைக்கு அடிமையானவர், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கினாலும், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால், வழக்கிலிருந்து விலக்குப் பெற போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு இடம் தருகிறது. அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு போன் செய்தால் தமிழிலேயே பேசலாம்.

அந்தப் பையன் இப்போது தூங்குகிறான். மாத்திரையை அம்மாதான் எண்ணிக் கொடுக்கிறார்.