பைப்புக்கு முன்னால் என்ன தட்டச்சு செய்கிறீர்கள்?

சர்வரைப் பரிசோதிக்கப் போனால் நான் முதலில் திறப்பது, கட்டளைகளைத் தட்டும் பாஷ் ஷெல்லின் ஹிஸ்டரி கோப்பைத்தான். தட்டிய கட்டளைகள் அதில் பதிந்திருக்கும். ஒரு நிறுவனத்தில் அப்படித் திறந்ததும் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு கண்ணில் பட்டது. அதைத் தட்டியவர் அக்கறையில்லாதவர் அல்ல. எக்கோ கட்டளையில் பாஸ்வேர்டை எழுதி, பைப் (ஒரு நிரல் தருவதை அடுத்த நிரலுக்குக் கொடுக்கும் | குறி) போட்டு ஜிபிஜி என்ற என்கிரிப்ஷன் நிரலுக்கு அனுப்பி, முறையாக என்கிரிப்ட் செய்திருந்தார். அந்தக் கோப்பு பத்திரமாகவே இருந்தது. ஆனால் அதற்குள் பூட்டிய ரகசியம் ஹிஸ்டரியில் யாரும் படிக்கிற மாதிரி கிடந்தது.

பைப் மேல் குற்றமில்லை. லினக்ஸில் ஒரு நிரல் தருவது அடுத்த நிரலுக்கு, இயங்குதளத்தின் மையமான கெர்னலின் நினைவகம் வழியாகவே போகிறது. வட்டில் தற்காலிகக் கோப்பு எதுவும் உருவாவதில்லை. கசிவெல்லாம் பைப்புக்கு முன்னால் நாம் தட்டுவதில்தான்.

சரி, எப்படிச் செய்வது? ஜிபிஜியைக் கோப்புப் பெயர் தராமல் ஓட்டினால், உள்ளீட்டுக்காகக் காத்திருக்கும். ரகசியத்தை அங்கேயே தட்டி, என்டர் அழுத்தி, கன்ட்ரோல்-டி கொடுங்கள். ஹிஸ்டரியில் ஜிபிஜி கட்டளை மட்டும்தான் பதியும். திரையிலும் தெரியக்கூடாது என்றால், பாஷின் ரீட் கட்டளையை மைனஸ் எஸ் சேர்த்து ஓட்டி, ரகசியத்தை ஒரு மாறியில் வாங்கி, பிரிண்ட்எஃப் மூலம் பைப்புக்குள் விடுங்கள். எக்கோவும், முதல் வழியில் அழுத்தும் என்டரும் கடைசியில் ஒரு புதுவரிக் குறியைச் சேர்த்துவிடும். அதனால், டிகிரிப்ட் செய்த டோக்கனை (பாஸ்வேர்டு போன்ற ரகசியக் குறியீட்டை) சர்வர் ஏற்க மறுத்து, காரணம் புரியாமல் மணிக்கணக்கில் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடவுச்சொல்லைக் கட்டளையின் பெயருக்குப் பின்னால் ஆர்குமென்டாகவும் தராதீர்கள். வழக்கமான லினக்ஸ் அமைப்பில் அதே கணினியின் மற்ற பயனர்கள், ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையிலேயே அதைப் பார்த்துவிட முடியும். சில நிரல்கள் உடனே அழித்துவிடும் என்றாலும், அந்தச் சின்ன இடைவெளியே போதும்.

அப்புறம், பேக்கப் ஸ்கிரிப்டுகள். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். டேட்டாபேஸை டம்ப் செய்து (அதன் தரவை வெளியே எடுத்து) பைப்பில் ஜிபிஜிக்கு அனுப்பும்போது டம்ப் பாதியில் விழுந்தாலும், பாஷ் கடைசி நிரலின் முடிவை மட்டுமே பார்க்கும். ஜிபிஜியோ வந்தவரை ஒழுங்காக என்கிரிப்ட் செய்து வெற்றி என்று சொல்லிவிடும். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில், பைப்பில் எந்த நிரல் விழுந்தாலும் தோல்வி என்று காட்டும் பைப்ஃபெயில் அமைப்பை இயக்கி வையுங்கள்.

முன்பே எக்கோவில் தட்டியிருந்தால், ஹிஸ்டரி வரியை நீக்கிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். அந்த நிறுவனத்தில் ஹோம் டைரக்டரியின் பழைய பேக்கப்புகளிலும் அதே வரி இருந்தது. அன்று மாலையே பாஸ்வேர்டை மாற்றச் சொன்னேன்.