போல்ட் ஏறிவிட்டால் போதுமா? கிட் காருக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தேர்ந்தெடுக்கும் முன்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்வது என் தொழில். பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டும் கிட் கார்களிலிருந்து கழற்றிக்கொண்டு வரப்படும் பெட்டிகளில் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். உள்ளே கிளட்ச் தட்டுகள் கருகியிருக்கும், பம்ப் உடைந்திருக்கும். ஆனால் பெட்டியின் தரத்தைக் குறைசொல்ல ஒன்றுமிருக்காது. எஞ்சினோடு அதைச் சேர்த்த அன்றைக்கே கோளாறு தொடங்கியிருக்கும்.

கிட் கார் கட்டுபவர்கள் எஞ்சினுக்கு மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். மரப்பெட்டியில் புத்தம் புதிதாக வரும் கிரேட் எஞ்சினின் குதிரைத்திறன், கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), கார்புரேட்டர் எல்லாம் மனப்பாடம். கியர்பாக்ஸ் விஷயத்தில் மட்டும் "இந்த பெல்ஹவுசிங் (எஞ்சினோடு சேரும் முன்கூடு) அந்த பிளாக்கில் ஏறுமா?" என்ற ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். செவ்ரலே வி8 எஞ்சின்களின் பின்பக்க போல்ட் அமைப்பு 1955 முதல் பெரிதாக மாறவில்லை. அதனால் அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் "ஏறும்" என்றே பதில் வரும். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். டயரின் விட்டம் 26 அங்குலம் என்றால் சுற்றளவு ஏறத்தாழ 2.07 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 800 முறை சுற்றும். பின் ஆக்சில் விகிதம் 3.55 என்றால் நேர் கியரில் எஞ்சின் சுமார் 2,850 சுற்றில் ஓடும். ஜெனரல் மோட்டார்ஸின் டிஎச்350 போன்ற மூன்று கியர் பெட்டியில் அதுவே கடைசி கியர். நெடுஞ்சாலையில் நாள் முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். அதே நிறுவனத்தின் நான்கு கியர் பெட்டியான 700ஆர்4 போட்டால் நான்காவது கியர் 0.70, எஞ்சின் 2,000 சுற்றுக்கு இறங்கும். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அதே 700ஆர்4-இல் முதல் கியர் 3.06. ஆக்சிலோடு பெருக்கினால் 10.86 வருகிறது. டிஎச்350-இன் 2.52-ஐப் பெருக்கினால் 8.95தான். இரண்டு டன் காருக்கு அந்தப் பெரிய எண் உதவும். 1,100 கிலோ எடையுள்ள ரோட்ஸ்டர் வகை கிட் காரில், 500 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்குவிசை தரும் எஞ்சினை வைத்துக்கொண்டு அவ்வளவு பெருக்கினால் பின் டயர் புகையும், கார் நகராது.

முதல் கியருக்கும் இரண்டாவதற்கும் நடுவே உள்ள பள்ளத்தையும் கவனியுங்கள். 700ஆர்4-இல் 3.06-இலிருந்து 1.63-க்கு ஒரே தாவல். 5,500 சுற்றில் மாற்றினால் எஞ்சின் 2,930-க்கு விழும். டிஎச்350-இல் 3,300-க்குத்தான் விழும். மேல் சுற்றில் வேலை செய்யும் கேம் இருந்தால் அந்த 370 சுற்று வித்தியாசம் நன்றாகவே தெரியும். முதல் கியரின் பெருக்கலைக் குறைக்க ஆக்சிலை 3.08 ஆக்கினால் நான்காவது கியரில் 100 கிலோமீட்டருக்கு எஞ்சின் 1,730 சுற்றில் இழுக்க வேண்டும். அப்படிப்பட்ட கடுமையான கேம் அந்தச் சுற்றில் திணறும். கியர், ஆக்சில், டயர், கேம் நான்கையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்காமல் எந்தப் பெட்டியையும் வாங்காதீர்கள்.

பெட்டி தாங்குமா என்பது அடுத்த கவலை. ஜெனரல் மோட்டார்ஸ் பெயர்களில் 4எல்60இ என்றால் நான்கு கியர், நீளவாட்டில் பொருத்துவது, 60 என்பது வலிமைப் படி, கடைசி எழுத்து மின்னணுக் கட்டுப்பாடு. 4எல்60இ-க்குத் தொழிற்சாலை சொல்லும் எல்லை 488 நியூட்டன் மீட்டர் அளவில் நிற்கிறது. செவ்ரலேயின் பிந்தைய தலைமுறை வி8-ஆன எல்எஸ்3 கிரேட் எஞ்சின் தருவது சுமார் 576. காகிதத்தில் பார்த்தால் பொருந்தாது. ஆனால் இலேசான காரில் டயர் வழுக்கிவிடுவதால் பெட்டிக்குப் போகும் சுமை குறைகிறது. நல்ல கிளட்ச் தட்டுகளோடு கட்டிய 4எல்60இ அங்கே தாக்குப்பிடிக்கும் என்பது என் அபிப்பிராயம். பயந்துபோய் 4எல்80இ-க்குத் தாவுபவர்கள், அது 100 கிலோவைத் தாண்டும் இரும்புப் பிண்டம் என்பதை மறந்துவிடுகிறார்கள். கிட் காரின் ஒடுங்கிய டனலில் (பெட்டி உட்காரும் தரைக் குகை) அதை நுழைக்க ஃபைபர் உடலை வெட்ட வேண்டியிருக்கும். ஓட்டுபவரின் கால் வைக்கும் இடமும் சுருங்கும்.

இனி டார்க் கன்வெர்ட்டர், அதாவது எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் பாகம். என்னிடம் வரும் சிக்கல்களில் பாதி இதைச் சுற்றித்தான். கன்வெர்ட்டரைப் பெட்டியோடு இலவசமாக வரும் துணைப்பொருளாக நினைக்கிறார்கள். அதைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அட்டையில் "2,400 ஸ்டால்" என்று போட்டிருந்தால் (காரைப் பிடித்து நிறுத்தி முழுதாக மிதிக்கும்போது எஞ்சின் எட்டும் சுற்று அது) எல்லாக் காரிலும் 2,400 வராது. கன்வெர்ட்டர் விழுங்கும் முறுக்குவிசை சுற்றின் வர்க்கத்தோடு ஏறும், விட்டத்தின் ஐந்தாம் அடுக்கோடு ஏறும். அதனால் விட்டம் கொஞ்சம் குறைந்தாலே ஸ்டால் எகிறிவிடும். முறுக்குவிசை அதிகமான எஞ்சினுக்குப் பின்னால் அதே கன்வெர்ட்டர் அதிகச் சுற்றில் நிற்கும். கார் இலேசாக இருந்தால், எஞ்சின் அந்தச் சுற்றை எட்டும் முன்பே கார் நகரத் தொடங்கிவிடும். உங்கள் காரின் எடை, ஆக்சில் விகிதம், கேமின் அளவு, ஐடிலில் வரும் வேக்குவம் (எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடம்) எல்லாவற்றையும் உங்களிடம் கேட்காத கடைக்காரரிடம் கன்வெர்ட்டர் வாங்காதீர்கள்.

தப்பான கன்வெர்ட்டர் சிக்னலில் நிற்கும்போது தெரிந்துவிடும். கடுமையான கேம் உள்ள எஞ்சினின் ஐடில் 900, 1,000 சுற்றில் நிற்கும். பின்னால் இறுக்கமான கன்வெர்ட்டர் இருந்தால் டிரைவில் போட்டதும் ஒன்று எஞ்சின் அணையும், இல்லாவிட்டால் கார் முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். பூஸ்டர் இல்லாத பிரேக்கோடு வரும் ரெப்ளிக்காக்களில் (பழைய கார்களின் நகல்கள்) காலால் அழுத்திப் பிடித்தே களைத்துப்போவீர்கள்.

இப்போது பொருத்தும் இடத்துக்கு வருவோம். எஞ்சினின் கிராங்கையும் கன்வெர்ட்டரையும் இணைக்கும் பல் வைத்த வட்டத் தகடுதான் ஃபிளெக்ஸ்பிளேட். பார்க்க எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், ஒன்றல்ல. பழைய செவ்ரலே சிறிய பிளாக்கில் 153 பல், 168 பல் என இரண்டு வகை. கன்வெர்ட்டர் போல்ட் வட்டமும் 10.75 அங்குலம், 11.5 அங்குலம் என இரண்டு. 1986 முதல் பின் சீல் ஒரே துண்டாக மாறியபோது கிராங்க் ஃபிளாஞ்சின் போல்ட் வட்டம் மாறியது, எடைச் சமநிலையின் ஒரு பகுதியும் ஃபிளெக்ஸ்பிளேட்டுக்குப் போனது. ஃபோர்டு 302-இல் 1980களின் தொடக்கம்வரை 28 அவுன்ஸ்-அங்குல எதிர்எடை, பிறகு 50. இதை மாற்றிப் போட்டால் எஞ்சின் ஓடும். சுற்று ஏற ஏற ஸ்டியரிங்கும் கண்ணாடியும் நடுங்கும். ஆட்கள் டயர் பேலன்ஸ் செய்து, மவுண்ட் மாற்றி, கடைசியில்தான் என்னிடம் வருவார்கள். அதற்குள் பெட்டியின் முன் புஷ்ஷும் சீலும் போயிருக்கும்.

எல்எஸ் எஞ்சினுக்குப் பழைய டிஎச்350, டிஎச்400, 700ஆர்4 போடுபவர்களுக்கு இன்னொரு பொறி. பெல்ஹவுசிங் போல்ட்கள் ஏறக்குறைய எல்லாம் ஏறிவிடும். ஆனால் பெரும்பாலான எல்எஸ் எஞ்சின்களில் கிராங்க் ஃபிளாஞ்ச், பழைய எஞ்சினில் இருக்கும் இடத்தைவிட சுமார் 10 மில்லிமீட்டர் முன்னால் இருக்கும். ஸ்பேசரும் நீள போல்ட்டும் சரியான ஃபிளெக்ஸ்பிளேட்டும் இல்லாமல் பூட்டினால் கன்வெர்ட்டரின் மூக்கு கிராங்கின் குழிக்குள் எட்டாது. போல்ட் முறுக்கினால் கன்வெர்ட்டர் முன்னால் இழுபடும். பின்முனையில் பம்ப் கியரோடு உள்ள பிடிப்பு பாதியாகும்.

கன்வெர்ட்டர் உட்கார்வதைக் கையால் உணர வேண்டும். பெட்டியை மேசையில் வைத்து, கன்வெர்ட்டரைச் சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். முதலில் இன்புட் ஷாஃப்ட்டின் பல், அடுத்து ஸ்டேட்டர் ஷாஃப்ட்டின் பல், கடைசியில் பம்பின் பிடி. மூன்று முறை 'டொக்' என்று உள்ளே இறங்கும். இரண்டோடு நின்றால் அது உட்காரவில்லை. பெட்டியை எஞ்சினோடு சேர்க்கும்போது பெல்ஹவுசிங் முழுதும் பிளாக்கில் கைவிரலாலேயே படிய வேண்டும். ஒரு பக்கம் இடைவெளி விட்டு நின்றால் போல்ட்டால் இழுக்காதீர்கள். அந்த நேரத்தில் பம்ப் உடைகிறது. முதல் ஸ்டார்ட்டில்தான் உடைந்தது என்று எல்லோரும் நினைப்பார்கள். பூட்டியபின் கன்வெர்ட்டரைப் பின்னால் தள்ளினால் அதற்கும் ஃபிளெக்ஸ்பிளேட்டுக்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். குறைந்தால் உராய்வு, கூடினால் பிடிப்புக் குறைவு. கன்வெர்ட்டர் போல்ட் நீளம் கூடினாலும் ஆபத்து. முனை கன்வெர்ட்டரின் முகத்தை உள்ளே குத்திவிடும். கன்வெர்ட்டரை வழுக்காமல் பூட்டும் கிளட்ச் உள்ள லாக்-அப் வகையில் அந்த உள்முகத்தில்தான் கிளட்ச் படிய வேண்டும்.

பிளாக்கில் டவல் பின்கள் (பெட்டியை மையத்தில் நிறுத்தும் முளைகள்) இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இல்லாவிட்டால் போல்ட்கள் மட்டும் மையத்தைக் காக்காது.

அடுத்து, எனக்கு எரிச்சல் வருமளவுக்கு அடிக்கடி பார்க்கும் தவறு. 700ஆர்4, 200-4ஆர், ஃபோர்டு ஏஓடி பெட்டிகளில் கார்புரேட்டரிலிருந்து ஒரு கேபிள் வரும். "கிக்-டவுன் கேபிள், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். கிக்-டவுன் மட்டும் அதன் வேலை என்றால் விட்டுவிடலாம். பெட்டிக்குள் எண்ணெய் அழுத்தத்தையே அந்தக் கேபிள்தான் தீர்மானிக்கிறது. தளர்ந்திருந்தால் ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது அழுத்தம் ஏறாது. கிளட்ச் தட்டுகள் வழுக்கி எரியும். ஒரு மாலை நேர ஓட்டத்திலேயே மூன்றாவது-நான்காவது கிளட்ச் கருகிவிடும். அதைவிட நுட்பமான தவறு, கேபிள் இணைத்திருந்தும் கார்புரேட்டர் லிவரின் ஆரம் பொருந்தாமல் போவது. ஐடிலிலும் முழு மிதிப்பிலும் சரியாக இருக்கும், நடுவில் அழுத்தம் பின்தங்கும். ஹாலி கார்புரேட்டரில் இதற்கென்று விற்கும் திருத்தத் தகடு போடாமல் கேபிளைக் கட்டாதீர்கள்.

டிஎச்350-இலும் டிஎச்400-இலும் இந்த வேலையை வேக்குவம் மாடுலேட்டர் செய்கிறது. அது கார்புரேட்டரின் சிறு துளையிலிருந்தல்ல, இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வேக்குவம் வாங்க வேண்டும். கடுமையான கேமில் ஐடில் வேக்குவம் குறைவாக இருக்கும். எஞ்சின் பலமாக இழுக்கிறது என்று பெட்டி நினைத்துக்கொள்ளும். கியர் தாமதமாகவும் அறைவதுபோலவும் மாறும். திருகி மாற்றக்கூடிய மாடுலேட்டர் வைத்தால் தீரும். வேகத்தைப் பார்த்துக் கியர் மாறும் நேரத்தைத் தீர்மானிக்கும் கவர்னரும் அப்படித்தான். பழைய டிரக் பெட்டியிலிருந்து வந்தது குறைந்த சுற்றிலேயே கியரை மாற்றும்படி எடையும் ஸ்பிரிங்கும் வைத்திருக்கும். எல்எஸ்3 5,900 சுற்றில் உச்சத்தைத் தொடும். அதற்குப் பின்னால் இப்படிப்பட்ட கவர்னர் இருந்தால் மேல் ஆயிரம் சுற்றை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள்.

மின்னணுப் பெட்டி வேண்டுமென்றால் கட்டுப்பாட்டுப் பெட்டியும் த்ராட்டில் சென்சாரும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். எஞ்சினும் பெட்டியும் கணினியும் ஒன்றாக வரும் தொகுப்புகளை செவ்ரலே பெர்ஃபார்மன்ஸ் விற்கிறது. கையில் பணம் இருந்தால் தலைவலி இல்லாத வழி அது. கிட் காருக்கே உரிய ஒரு சிக்கல் எர்த். ஃபைபர் உடல் மின்சாரம் கடத்தாது. எஞ்சினிலிருந்து சட்டத்துக்குத் தடித்த எர்த் வயர் போடாவிட்டால் ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் த்ராட்டில் கேபிளையோ கியர் லிவர் கேபிளையோ வழியாகத் தேடிக்கொள்ளும். கேபிள் உறைக்குள் ஒட்டிப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

பெட்டியின் நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். குட்டை வால் டிஎச்350 ஏறத்தாழ 70 சென்டிமீட்டர், 700ஆர்4 ஏறத்தாழ 78. சாதாரணக் காரில் அந்த 8 சென்டிமீட்டர் பெரிதல்ல. 90 அங்குல வீல்பேஸ் உள்ள கோப்ரா வகைக் காரில் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டே கை அளவுதான். அதிலிருந்து எட்டு போனால் பின் ஆக்சில் ஏறி இறங்கும்போது ஜாயின்ட்டின் கோணம் தாறுமாறாகும். ஸ்லிப் யோக் (பெட்டிக்குள் நழுவி நகரும் ஷாஃப்ட் முனை) முழுவதும் உள்ளே முட்டாமல் இரண்டு சென்டிமீட்டராவது விட்டு ஷாஃப்ட்டை வெட்டுங்கள்.

சூட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கிட் காரில் போடும் அலுமினிய ரேடியேட்டர்கள் பலவற்றில் கியர் எண்ணெய்க்கான உள் குளிர்விப்பான் இருக்காது. தனிக் கூலர் கட்டாயம். லாக்-அப்புக்கு மின் இணைப்பு கொடுக்காமல் 700ஆர்4 ஓட்டினால் கன்வெர்ட்டர் வழுக்கிக்கொண்டே எண்ணெயைக் கொதிக்க வைக்கும். எண்ணெய் 80 முதல் 95 டிகிரி செல்சியஸில் இருந்தால் நிம்மதி. 115-ஐத் தாண்டி நீடித்தால் உள்ளே பழுப்புப் படலம் படியத் தொடங்கும், சீல்கள் விறைக்கும். வெப்பநிலை சென்சாரைப் பெட்டியின் அடியிலுள்ள எண்ணெய்த் தட்டில் வையுங்கள். கூலர் குழாய்களைப் பக்கவாட்டு எக்ஸாஸ்டுக்கு அருகே கொண்டு போகாதீர்கள். பழைய பெட்டியில் ஓடிய கூலரையே மறுபடி போடுவதாக இருந்தால், உள்ளே தங்கிய துகள்களைக் கழுவாமல் போடாதீர்கள்.

முதல் ஓட்டத்துக்கு முன் பெட்டியின் அழுத்தத் துளையில் ஒரு கேஜ் பூட்டுங்கள். டிரைவில் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை மெல்லத் தொடுங்கள். மிதிப்போடு முள்ளும் ஏறினால் தெருவுக்கு எடுத்துப் போகலாம். ஏறாவிட்டால் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டு, கேபிளின் நீளத்திலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.