காம்பவுண்டில் நிற்பது அசோகமே இல்லை

சென்னையில் எந்த அபார்ட்மென்ட் காம்பவுண்டை எட்டிப் பார்த்தாலும் ஒல்லியாக, நெட்டையாக ஒரு மரம் வரிசை கட்டி நிற்கும். அசோகா மரம் என்போம். அது நெட்டிலிங்கம், சீத்தாப்பழத்தின் சொந்தம். மருந்துக்கான அசோகம் புளி, கொன்றை குடும்பம்.

மரமாக நிற்கும்போது குழப்பமே வராது. அசோகத்தில் ஒரே காம்பில் பல சிற்றிலைகள், தளிர் செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும், பூ ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாக வரும். நெட்டிலிங்கத்துக்கு ஓரம் நெளிந்த தனி இலை, வெளிர்பச்சைப் பூ (அது பூக்கும் என்பதே பலருக்குத் தெரியாது).

ஆனால் ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடையில் நம் கைக்கு வருவது காய்ந்த பட்டைத் துண்டுதானே. மாதவிடாய்க் கோளாறுக்குக் கொடுக்கும் அசோகாரிஷ்டத்துக்கு அதுதான் மூலப்பொருள். காட்டில் அசோகம் அருகிவிட்டது, நெட்டிலிங்கம் தெருவுக்குத் தெரு இருக்கிறது. கலப்படத்துக்கு வேறென்ன வேண்டும்?

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? முதலில் மைக்ராஸ்கோப். பட்டையைப் பொடித்து, ஒரு சிட்டிகையைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தால் தடித்த சுவருள்ள கல் செல்கள், நீள நார்கள், கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் எல்லாம் தெரியும். எது எந்த வடிவில், எப்படி அடுக்கி இருக்கிறது என்பது மரத்துக்கு மரம் மாறும். கண் பழகியவருக்கு இதுவே பாதி வேலையை முடித்துவிடும்.

அடுத்தது நிறப்பகுப்பு. பள்ளியில் சாக்பீஸில் மைப்புள்ளி வைத்துத் தண்ணீரில் நிறுத்துவோமே, மை பிரிந்து மேலே ஏறுமே, அதேதான். சாக்பீஸுக்குப் பதில் சிலிக்கா தடவிய தகடு, தண்ணீருக்குப் பதில் வேறு கரைப்பான். பட்டைச் சாற்றில் உள்ள ஒவ்வொரு பொருளும் தன் வேகத்தில் ஏறி ஒவ்வொரு உயரத்தில் நின்றுவிடும். புறஊதா விளக்கில் அது கோடு கோடாகத் தெரியும். பக்கத்திலேயே அசல் அசோகத்தின் சாற்றையும் ஓடவிட்டிருப்பார்கள், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும்.

அப்புறம் டிஎன்ஏ பார்கோடு. எல்லாச் செடியிலும் உள்ள, ஆனால் இனத்துக்கு இனம் எழுத்து மாறும் ஒரு சின்னத் துண்டைப் படித்து ஒப்பிடுவது. கேட்க அட்டகாசமாக இருக்கும், ஆனால் அரிஷ்டத்தில் இது பெரும்பாலும் கைகொடுக்காது. பட்டையைக் கஷாயமாகச் சுண்டவைத்து, வெல்லமும் காட்டாத்திப்பூவும் போட்டு வாரக்கணக்கில் புளிக்கவிடுகிறார்கள். அதற்குள் டிஎன்ஏ நொறுங்கிப்போயிருக்கும். அதனால் பரிசோதனையை அடுப்பில் ஏற்றும் முன்பே, பட்டையிலேயே செய்தாக வேண்டும்.