கேம்பர் பயணமா? முதலில் வண்டியை எடை போடுங்கள்

உள்ளேயே தூங்கவும் சமைக்கவும் வசதி உள்ள கேம்பர் வேன்களைப் பரிசோதித்துப் பழுது பார்ப்பது என் வேலை. விடுமுறை நெருங்கினால் குடும்பம் குடும்பமாக வருவார்கள். எங்கே தங்குவது, எத்தனை நாள், வழியில் பிள்ளைகளுக்கு என்ன விளையாட்டு என்று எல்லாம் எழுதி வைத்திருப்பார்கள். "ஆள், சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றினால் வண்டி எத்தனை கிலோ வரும்?" என்று கேட்டால் மட்டும் பதில் இருக்காது. பயணத் திட்டம் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

அனுமதிக்கப்பட்ட மொத்த எடை வண்டியின் தகட்டிலேயே இருக்கும். பல நாடுகளில் சாதாரண கார் உரிமத்தில் 3,500 கிலோ வரைதான் ஓட்டலாம். அதனால் நிறைய கேம்பர்களை அந்த எல்லைக்குள் அடங்கும்படி தயாரிக்கிறார்கள். கட்டில், அலமாரி, அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிவறை எல்லாம் பொருத்திய பிறகு உங்களுக்கு மிஞ்சுவது பல வண்டிகளில் சில நூறு கிலோதான். 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் அதில் 100 கிலோ போய்விடும். வண்டியின் காலி எடையில் ஓட்டுநரையும் எரிபொருளையும் சேர்த்திருக்கிறார்களா என்பதும் இடத்துக்கு இடம் மாறும். ஆகவே காகிதக் கணக்கை நம்ப வேண்டாம்.

பயணத்துக்கு ஏற்றுவதைப் போலவே எல்லாவற்றையும் ஏற்றி, குடும்பத்தையும் உட்கார வைத்து, எடைமேடைக்குப் போங்கள். முன் சக்கரங்களைத் தனியாக, பின் சக்கரங்களைத் தனியாக, அப்புறம் மொத்தமாக எடை போடுங்கள். மொத்த எடை எல்லைக்குள் இருக்கும், ஆனால் பின் ஆக்சில், அதாவது பின் சக்கரங்களைத் தாங்கும் அச்சு, மட்டும் அதன் எல்லையைத் தாண்டியிருக்கும். நான் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். பெரும்பாலும் காரணம் வண்டியின் பின்னால் மாட்டிய சைக்கிள் ஸ்டாண்டு. முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் 4 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். பின் ஆக்சிலுக்கு 2 மீட்டர் பின்னால் 60 கிலோ சைக்கிள்களைத் தொங்கவிட்டால் பின் ஆக்சில் மீது 90 கிலோ கூடுகிறது, முன் ஆக்சிலில் 30 கிலோ குறைகிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும் சக்கரங்கள் லேசாகிவிட்டால் ஈரச் சாலையில் அவற்றின் பிடி குறையும்.

எடை கூடினால் தொட்டியை அரைகுறையாக நிரப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் மீதியை நிரப்பிக்கொள்ளலாம். பாட்டில், டப்பா, கருவிகள் போன்ற கனமானவை கீழே, இரண்டு ஆக்சில்களுக்கும் நடுவில் இருக்கட்டும். மேல் அலமாரியில் துணிமணி போதும்.

டயரையும் இத்துடன் சேர்த்தே பார்க்க வேண்டும். கேம்பர் ஆண்டின் பெரும்பகுதி நின்றுகொண்டே இருப்பதால் டயரின் பட்டன் தேயாமல் புதிது போலத் தெரியும், ரப்பரோ வயதாகிக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பத்து ஆண்டைத் தொட்ட டயரில் குடும்பத்தை ஏற்றிப் போக நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது, ஏற்றிய எடைக்கு ஏற்றபடி பிடிக்க வேண்டும்.

அடுத்தது பிள்ளைகள் உட்காரும் இடம். நாலு பேர் படுக்கும் வண்டியில் நாலு பேர் உட்கார்ந்து போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். படுக்கைகளை அல்ல, சீட் பெல்ட்டுகளை எண்ணுங்கள். பக்கவாட்டில் பார்த்து அமரும் இருக்கையில் குழந்தை சீட்டைப் பொருத்தக் கூடாது. இடுப்புக்கு மட்டும் பெல்ட் உள்ள இருக்கையும் பல குழந்தை சீட்டுகளுக்குப் பொருந்தாது. வாடகை வண்டி என்றால் முன்பணம் கொடுக்கும் முன் சீட்டை எடுத்துப்போய் மாட்டிப் பாருங்கள். ஓடும் வண்டியில் குழந்தையைக் கட்டிலில் தூங்க வைப்பது வேண்டவே வேண்டாம், எவ்வளவு அழுதாலும் சரி, நிறுத்தி ஓய்வெடுங்கள்.

கூரையில் உள்ள ஏசியையும் சேர்த்து வண்டியின் உயரத்தை அளந்து ஸ்டியரிங் அருகே ஒட்டிவையுங்கள். தாழ்வான பாலத்தின் முன்னால் நின்றுகொண்டு யோசிக்க நேரம் இருக்காது.

கேஸ் விஷயத்தில் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். அது வெளியேறத்தான் தரையில் ஓட்டைகள் விட்டிருக்கிறார்கள். குளிர் காற்று வருகிறது என்று அவற்றை மிதியடியால் மூடிவிட்டு வரும் வண்டிகளைப் பார்க்கும்போது எனக்குப் பகீரென்கிறது. வாசனை வந்தால் சிலிண்டரை மூடி, கதவுகளைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். எந்த சுவிட்சையும் தொடாதீர்கள்.

அடுப்பும் கரியும் எரியும்போது வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு அந்த வாசனைகூட இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பிணைகிறது. குளிருக்காக அடுப்பை எரியவிட்டுத் தூங்குவதும், அணைந்தது போலிருக்கும் கரியடுப்பை உள்ளே எடுத்து வைப்பதும் உயிரைப் பறிக்கும். கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்து அந்த வாயு வந்துகொண்டேதான் இருக்கும். அதைச் சுவாசித்தவர்களுக்குத் தலைவலி, மயக்கம், குமட்டல் இருக்கும், காய்ச்சல் இருக்காது. குழந்தை வாந்தி எடுத்தால் பயணக் களைப்பு என்று விட்டுவிடுகிறார்கள். ஒரே நேரத்தில் இருவருக்குத் தலை வலித்தால் உடனே எல்லோரையும் வெளியே கொண்டு வந்து அவசர உதவியை அழையுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும். கேஸ் கசிவைக் காட்டும் கருவி வேறு, இது வேறு. இதற்குக் காலாவதித் தேதி உண்டு, அதையும் பாருங்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் வண்டியைக் கொண்டு வந்தால் குறையைக் கண்டுபிடிக்கலாம், சரிசெய்ய நேரம் இருக்காது. இரண்டு வாரம் முன்னதாக, எடைமேடைச் சீட்டோடு வாருங்கள். எந்த டயருக்கு எவ்வளவு காற்று, எந்தச் சாமானை எங்கே மாற்றுவது என்பதை வண்டிக்குப் பக்கத்தில் நின்றே பேசி முடித்துவிடலாம்.